குழந்தையின் சிறுநீர் சொல்லும் சேதி

- மூன்றாம் ஆண்டு மாணவன், மருத்துவ மின்னணுவியல் பிரிவு

தலைப்பைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், நண்பர்களே! "ராக்கெட், ரோபோன்னு எவ்வளவோ இருக்க, போயும் போயும் இதைப் பத்தியா எழுதறே?" என்று என் அறைத் தோழனும் கேட்டான். படித்து முடித்த பிறகு நீங்களே சொல்லுங்கள், இது நமக்கு வேண்டிய விஷயமா இல்லையா என்று.

பேசத் தெரியாத குழந்தைக்கு உடம்புக்குள் என்ன கோளாறு என்று ஊசி குத்தாமல், டியூப் செருகாமல் அறிந்துகொள்ள முடியுமா? முடியும், பெரும்பாலான நேரம். அதற்கு உதவுவது குழந்தையே தினம் பத்துப் பதினைந்து முறை வெளியே தள்ளிவிடும் சிறுநீர். ஆனால் அதை எடுக்கும் விதம் சரியாக இல்லாவிட்டால் எத்தனை லட்ச ரூபாய் கருவியும் பொய்தான் சொல்லும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முக்கியமாக இதைத்தான்.

காரணம் தெரியாத காய்ச்சல்

பெரியவர்களுக்குச் சிறுநீர்ப்பாதையில் கிருமி தொற்றினால் "எரியுது, கடுக்குது" என்று சொல்லிவிடுவோம். ஆறு மாதக் குழந்தை என்ன சொல்லும்? காய்ச்சல் வரும். பால் குடிக்காது. வாந்தி எடுக்கும். சிணுங்கிக்கொண்டே இருக்கும். அவ்வளவுதான். வீட்டில் ஒருவர் "பல்லு முளைக்குது" என்பார், இன்னொருவர் "கண்ணு பட்டுடுச்சு, சுத்திப் போடுங்க" என்பார்.

காய்ச்சலோடு வரும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 100 பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் சுமார் 5 முதல் 7 பேருக்குக் காரணம் சிறுநீர்ப்பாதைத் தொற்று. பெரும்பாலும் இதைச் செய்வது நம் குடலிலேயே குடியிருக்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியா. பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் குழந்தைகளுக்கும், ஒரு வயதுக்குப் பிறகு பெண் குழந்தைகளுக்கும் இது அதிகம் வருகிறது.

கிருமி சிறுநீர்ப்பையோடு நின்றால் பரவாயில்லை. மேலே ஏறிச் சிறுநீரகத்தைத் தொட்டால் அங்கே தழும்பு விழலாம். முதல் தடவை தொற்று வந்த குழந்தைகளில் ஏறத்தாழ 100க்கு 15 பேருக்குப் பின்னால் எடுக்கும் ஸ்கேனில் இப்படித் தழும்பு தெரிகிறது. தழும்பு அதிகமானால் பிற்காலத்தில் ரத்த அழுத்தம், சிறுநீரகப் பலவீனம் என்று தொடர்கதைதான். காய்ச்சல் தொடங்கி இரண்டு மூன்று நாள் மருந்து தாமதமானால் இந்த ஆபத்து கூடுகிறது. அதற்காகக் காய்ச்சல் வந்த எல்லாக் குழந்தைக்கும் ஆன்டிபயாடிக் கொடுத்துவிடலாமா? அதுவும் தப்பு. தேவையில்லாத மருந்து, மருந்துக்கு மசியாத கிருமி, தேவையில்லாத எக்ஸ்ரே என்று வேறு வினைகள் வந்து சேரும். ஆகவே யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரித்துச் சொல்ல ஒரு சோதனை வேண்டும்.

ஒரு காகிதப் பட்டையின் கதை

சிறுநீரைப் பார்த்து நோய் சொல்வது பழைய வித்தைதான். 1827ல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், உடம்பு வீங்கிய நோயாளிகளின் சிறுநீரைக் கரண்டியில் ஊற்றி மெழுகுவர்த்தியில் காட்டினார். முட்டை வெள்ளைக்கரு போல அது திரிந்தது. சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

பின்னர் சோதனைக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, பெனடிக்ட் கரைசல் என்று காலம் போனது. அமெரிக்காவில் எல்க்ஹார்ட் என்ற ஊரில் ஏம்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஹெலன் ஃப்ரீ, ஆல்ஃப்ரெட் ஃப்ரீ என்ற வேதியியல் தம்பதியர் வேதிப்பொருளைக் காகிதத்திலேயே ஊற வைத்துக் காயவைத்தார்கள். 1956ல் சர்க்கரை பார்க்கும் பட்டை கடைக்கு வந்தது. முக்கி எடு, நிறத்தைப் பார், முடிந்தது வேலை! இன்று அதே பட்டையில் பத்துக் கட்டங்கள் வரை இருக்கின்றன. ஹெலன் ஃப்ரீ 2021 வரை வாழ்ந்து, தன் கண்டுபிடிப்பு உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் போனதைப் பார்த்துவிட்டே மறைந்தார்.

இரண்டு கட்டங்கள், இரண்டு சாட்சிகள்

தொற்று இருக்கிறதா என்று பார்க்க அந்தப் பத்தில் இரண்டு கட்டங்கள் முக்கியம்.

1. வெள்ளணுக் கட்டம்: கிருமியோடு சண்டை போட வரும் வெள்ளணுக்களில் எஸ்டரேஸ் என்ற நொதி உண்டு. அது கட்டத்தில் உள்ள வேதிப்பொருளை உடைத்து ஊதா நிறம் தரும். 2 நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

2. நைட்ரைட் கட்டம்: சிறுநீரில் இயல்பாகவே நைட்ரேட் இருக்கும். ஈ.கோலை போன்ற கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட் பட்டால் கட்டம் இளஞ்சிவப்பாகும். இந்த வினையை 1879ல் வெளியிட்டவர் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர். அவர் வேலை பார்த்தது இங்கிலாந்தில் ஒரு பீர் தொழிற்சாலையில்! 60 வினாடியில் பார்க்க வேண்டும்.

இவற்றில் எது நம்பகமான சாட்சி? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2011ல் வெளியிட்ட வழிகாட்டியின் கணக்கு இது. உண்மையில் தொற்று உள்ள 100 குழந்தைகளில் வெள்ளணுக் கட்டம் 83 பேரைப் பிடிக்கும், நைட்ரைட் கட்டம் 53 பேரைத்தான் பிடிக்கும். ஆனால் தொற்று இல்லாத 100 பேரில் வெள்ளணுக் கட்டம் 22 பேரை வீணாகக் குற்றம் சாட்டும், நைட்ரைட் கட்டம் 2 பேரை மட்டுமே. முதல் சாட்சி சந்தேகப் பிராணி, இரண்டாவது சாட்சி வாய் திறக்க யோசிக்கும், திறந்தால் பெரும்பாலும் உண்மை. இரண்டில் எது மாறினாலும் கணக்கில் எடுத்துக்கொண்டால் 93 பேர் பிடிபடுவார்கள்.

நைட்ரைட் ஏன் கோட்டை விடுகிறது? நைட்ரேட் மாறுவதற்குச் சிறுநீர் பையில் சுமார் 4 மணி நேரம் தங்க வேண்டும். கைக்குழந்தை அவ்வளவு நேரம் அடக்கி வைக்குமா? அரை மணிக்கொரு தரம் துணி நனைக்கும் வயசாச்சே! தவிர, என்டரோகாக்கஸ் போன்ற சில கிருமிகளுக்கு இந்த வித்தை தெரியாது. ஆகவே நைட்ரைட் கட்டம் வெளுப்பாக இருந்தால் "தொற்று இல்லை" என்று எழுதிவிடக் கூடாது.

நம் துறைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பட்டையைக் கண்ணால் பார்த்தால் ஆளுக்கொரு நிறம் சொல்வார்கள். டியூப்லைட்டில் ஒன்று, ஜன்னல் ஓரத்தில் ஒன்று. அதனால் வந்தது பட்டை படிக்கும் கருவி. எல்.இ.டி. ஒளியைக் கட்டத்தின் மேல் விழச் செய்து, திரும்பி வரும் ஒளியை ஃபோட்டோ டையோடு அளக்கிறது. நிறம் அடர்த்தியானால் திரும்பும் ஒளி குறையும். வெள்ளைப் பரப்பிலிருந்து வரும் ஒளியோடு விகிதம் பார்த்து மைக்ரோபிராசஸர் "இல்லை, சுவடு, 1+, 2+, 3+" என்று அச்சடிக்கும். நேரத்தையும் அதுவே எண்ணிக்கொள்ளும். இரண்டாம் ஆண்டில் நாம் படித்த டிரான்ஸ்டியூசர் பாடம்தான், வேறொன்றுமில்லை.

பை கட்டி எடுப்பதில் உள்ள வில்லங்கம்

இனிமேல்தான் கஷ்டமான கட்டம். கைக்குழந்தையிடம் சிறுநீரை எப்படி வாங்குவது? நான்கு வழிகள் உண்டு. மெல்லிய டியூபைச் சிறுநீர்ப்பாதையில் செருகி எடுக்கலாம். அடிவயிற்றில் ஊசி குத்தி எடுக்கலாம். ஒட்டும் பிளாஸ்டிக் பையைக் கட்டி விடலாம். அல்லது குழந்தை போகும்போது நடுவில் கிண்ணத்தில் பிடிக்கலாம். முதல் இரண்டும் சுத்தமானவை, ஆனால் வலி. பை சுலபம், வலியில்லை. ஆனால் சிறுநீர் தோலில் வழிந்து பைக்குள் விழும்போது தோலில், மலத்தில் உள்ள கிருமியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போகும்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். காய்ச்சல் குழந்தைகள் 100 பேர். உண்மையில் தொற்று உள்ளவர்கள் 5 பேர். பையில் பிடித்த சிறுநீரைக் கல்ச்சர் செய்தால் அந்த 5 பேரும் பிடிபடுகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மீதி 95 பேரில் 100க்கு 30 வீதம் கலப்படத்தால் தப்பாகக் கிருமி காட்டினால் 28 அல்லது 29 பேர். மொத்தம் "கிருமி உண்டு" என்று ரிப்போர்ட் வாங்கியவர்கள் 33 பேர். அதில் நிஜமானவர்கள் 5 பேர்தான்! ஏழு ரிப்போர்ட்டில் ஆறு பொய். ஆனால் "கிருமி இல்லை" என்று வந்த 67 பேரையும் நம்பி வீட்டுக்கு அனுப்பலாம். பைச் சோதனை "இல்லை" என்றால் நம்பலாம், "உண்டு" என்றால் சுத்தமாக இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

என் அக்கா மகளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போது மூன்று நாள் காய்ச்சல். ஒரு பரிசோதனைக் கூடத்தில் பை கட்டி, குழந்தை போகாததால் மூன்று மணி நேரத்துக்கு மேல் அப்படியே விட்டு எடுத்தார்கள். கல்ச்சர் ரிப்போர்ட்டில் ஒன்றுக்கு மூன்று வகைக் கிருமி. "டியூப் போட்டு மருந்து ஏத்தி எக்ஸ்ரே எடுக்கணும், கிட்னி வரைக்கும் போயிருக்கான்னு பாக்கணும்" என்று யாரோ சொல்ல, அக்கா அழுது தீர்த்துவிட்டாள். மருந்து ஆரம்பிக்கும் முன் வேறொரு குழந்தை மருத்துவரிடம் காட்டினோம். அவர் குழந்தையைப் புரட்டிப் பார்த்தார். விளையாடிக்கொண்டிருந்தாள். "ஒரே நேரத்துல மூணு கிருமி வளர்ந்தா அது பெரும்பாலும் தோல்ல இருந்து வந்ததும்மா. இந்தாங்க ஸ்டெரைல் கிண்ணம். சுத்தமா கழுவிட்டு, போகும்போது நடுவுல பிடிங்க. இங்கேயே உக்காருங்க, அவசரமில்ல" என்றார்.

பிடித்தது யார் தெரியுமா? எங்கள் பாட்டி! காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதத்துக்கும் நடுவில் குழந்தையை வைத்து, அடிவயிற்றில் ஈரத்துணியால் ஒற்றி, "ஸ்ஸ்ஸ்..." என்றாள். பத்தே நிமிடம். அக்கா கிண்ணத்தை நீட்டினாள். இரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்: வளர்ச்சி இல்லை. காய்ச்சலும் அதற்குள் தானே இறங்கிவிட்டது. எக்ஸ்ரேயும் இல்லை, டியூபும் இல்லை.

பாட்டி செய்ததை அறிவியலும் சோதித்திருக்கிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் மருத்துவர்கள் 1 முதல் 12 மாதம் வரையுள்ள 354 குழந்தைகளிடம் ஆராய்ந்து 2017ல் வெளியிட்டார்கள். குளிர்ந்த சலைனில் நனைத்த துணியால் அடிவயிற்றைத் தடவினால் 5 நிமிடத்துக்குள் 100க்கு 31 பேர் போனார்கள். சும்மா காத்திருந்தால் 12 பேர்தான். ஸ்பெயினில் மாட்ரிட் மருத்துவர்கள் 2013ல் பச்சைக் குழந்தைகளுக்கு வேறொரு முறை சொன்னார்கள். பால் கொடுத்து, கொஞ்ச நேரம் கழித்து, அக்குளில் பிடித்துக் காலைத் தொங்கவிட்டு, அடிவயிற்றில் விரலால் லேசாக 30 வினாடி தட்டி, பிறகு இடுப்புக்குப் பின்புறம் 30 வினாடி தடவ வேண்டும். 80 குழந்தைகளில் 69 பேரிடம் பலித்தது. சராசரி நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை!

ஒன்றை மறக்கக் கூடாது. குழந்தை துவண்டு கிடந்தால், பால் குடிக்காமல் வாந்தி எடுத்தால், இரண்டு மூன்று மாதத்துக்குக் குறைந்த பச்சிளம் சிசுவானால், கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்காய் உட்கார முடியாது. மருத்துவர் டியூப் போட்டு எடுத்து உடனே மருந்து தொடங்குவார். அங்கே அதுதான் சரி. வலிக்குமே என்று நாம் தடுக்கக் கூடாது.

மேஜை மேல் மறந்த குப்பி

சுத்தமாகப் பிடித்தாயிற்று. அடுத்த எதிரி நேரம். நல்ல சூடும் சத்தும் கிடைத்தால் ஈ.கோலை 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். 4 மணி நேரத்தில் 12 முறை. 2ஐ 12 முறை பெருக்கினால் 4096. மில்லிலிட்டருக்கு வெறும் 25 கிருமி எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டிருந்தால்கூட, 25 x 4096 = 1,02,400. 1956ல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் காஸ் தொற்றுக்கு அடையாளமாகச் சொன்ன எல்லை மில்லிலிட்டருக்கு 1 லட்சம். அதாவது நோயே இல்லாத குழந்தைக்கு மேஜை மேல் கிடந்த குப்பி நோயை உண்டாக்கிவிடும்! அறை வெப்பத்தில் வளர்ச்சி இவ்வளவு வேகமாக இருக்காது என்றாலும், நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெகுதூரமும் இல்லை. ஆகவே ஒரு மணி நேரத்துக்குள் சோதனைக்கூடம் சேர வேண்டும். முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில், 4 டிகிரியில்.

கிருமி மட்டும்தானா கோளாறு?

இல்லை. இன்னும் சில கோளாறுகளையும் இதே சிறுநீர் காட்டிக்கொடுக்கும்.

புரதம் கசியும் நோய்: காலையில் எழும்போது பிள்ளையின் கண்ணிமை வீங்கியிருக்கும், சிறுநீர் நுரைக்கும். நெஃப்ராடிக் நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் வீட்டிலேயே தினம் காலையில் பட்டையால் பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் 3+ வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஜப்பானில் 1974 முதல் பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் காலைச் சிறுநீரைச் சின்னக் குப்பியில் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். வெளியே அறிகுறி தெரியாத சிறுநீரக நோய்கள் அங்கே இப்படித்தான் ஆரம்பத்திலேயே பிடிபடுகின்றன.

போகும் வேகம்: இது கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கு. யூரோஃப்ளோ கருவியில் பிள்ளை வழக்கம்போலப் போனால் போதும். கீழே உள்ள பாத்திரம் ஒரு லோடு செல் மேல் நிற்கும். 1 மில்லிலிட்டர் ஏறத்தாழ 1 கிராம். எடை கூடும் வேகமே சிறுநீர் போகும் வேகம். வரைபடம் மணி போல வந்தால் இயல்பு. ஏறி இறங்கிக் குதித்தால் பிள்ளை போகும்போது தசையை இறுக்குகிறது. தட்டையாக நீண்டால் எங்கோ அடைப்பு. ஆண் குழந்தைகளுக்குப் பிறவியிலேயே பாதையில் தடுப்புச் சவ்வு இருந்தால் இப்படி வரலாம்.

இதற்கும் ஒரு கணக்கு. வயதோடு 1 கூட்டி 30ஆல் பெருக்கினால் அந்த வயதில் பை கொள்ளும் அளவு கிடைக்கும். 6 வயதுக்கு 7 x 30 = 210 மில்லிலிட்டர். உச்ச வேகத்தின் வர்க்கம், போன அளவுக்குக் குறையாமல் இருந்தால் வேகம் சரி. வினாடிக்கு 15 மில்லிலிட்டர் என்றால் 15 x 15 = 225. அது 210ஐ விட அதிகம். பிள்ளை பாஸ்!

தசையை இறுக்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது? பள்ளிக் கழிப்பறை சுத்தமாக இல்லை, கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று காலை முதல் சாயங்காலம் வரை அடக்கி வைத்தால் வரத்தான் செய்யும். பெண் பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் பள்ளிக்கூடம் போய் வருவதை நாம் பார்த்ததில்லையா? இதற்குக் கருவி வேண்டாம், கழிப்பறை வேண்டும்.

ஆராய்ச்சியில் இருப்பது

தாய் வயிற்றிலிருக்கும்போதே ஸ்கேனில் சில குழந்தைகளுக்குச் சிறுநீரகம் வீங்கித் தெரிகிறது. சிறுநீரகமும் குழாயும் சேரும் இடத்தில் அடைப்பு. பலருக்கு அது தானே சரியாகிவிடும், சிலருக்கு ஆபரேஷன் வேண்டும். யாருக்கு எது என்று அறிய மாதக்கணக்கில் ஸ்கேனும், நரம்பில் ஊசி போட்டு எடுக்கும் கதிரியக்கப் படமும் தேவைப்படுகின்றன. பிரான்சில் துலூஸ் நகர ஆராய்ச்சியாளர்கள் 2006ல் வெளியிட்ட ஆய்வில், பச்சைக் குழந்தையின் சிறுநீரில் உள்ள சின்னஞ்சிறு புரதத் துண்டுகளை நுண்குழாய் மின்பகுப்பாலும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டராலும் பிரித்தார்கள். அந்தக் கோலத்தை வைத்தே யாருக்கு ஆபரேஷன் தேவைப்படும் என்று மாதங்களுக்கு முன்பே 94 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகளிடம் பின்னர் பார்த்தபோது இதே துல்லியம் வரவில்லை. அன்றாட மருத்துவத்துக்கு இது வர இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

- வீட்டில் கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் வந்தால், "யூரின் டெஸ்ட் பாக்கணுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.
- பையில் எடுத்து "கிருமி உண்டு" என்று வந்தால், மருந்துக்கு முன்னால் சுத்தமாக இன்னொரு முறை எடுக்கலாமா என்று கேளுங்கள்.
- குப்பியில் எடுத்த நேரத்தையும், எப்படி எடுத்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.
- பட்டை டப்பாவின் மூடியைத் திறந்து வைக்காதீர்கள். காற்றுப் பட்டால் நைட்ரைட் கட்டம் தானே சிவக்கலாம். காலாவதித் தேதியையும் பாருங்கள்.
- சோதனை முடிவை வைத்து நாமே மருந்துக் கடைக்கு ஓடக் கூடாது. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

கடைசியாக, அடுத்த ஆண்டு புராஜக்ட் தேடப்போகும் தம்பி தங்கைகளுக்கு: ஒரு லோடு செல், ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு மைக்ரோகண்ட்ரோலர் இருந்தால் யூரோஃப்ளோ மாதிரிக் கருவி ஒன்றை நம் லேபிலேயே செய்துவிடலாம். முதலில் குழாய்த் தண்ணீரை ஊற்றி வரைபடம் வருகிறதா என்று பாருங்கள். தராசில் வரும் அதிர்வை எப்படி வடிகட்டுவது என்பதுதான் அதில் சிக்கலான பகுதி. எங்கள் துறை ஆசிரியர்களைக் கேளுங்கள், வழி சொல்வார்கள்.